"மைக்ரேஷன் முடிந்தது" என்ற பச்சை டிக்: ஹோஸ்டிங் மாற்றத்துக்குப் பின் என் அனுபவம்

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார், "அந்த ஹோஸ்டிங் இப்போ ஆஃபர்ல போகுதாமே, எடுக்கலாமா?" என்று. வாட்ஸப்பில் நாலு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் இணையதளங்களைத் தன் சர்வர்களில் (எப்போதும் ஓடும் கணினிகளில்) வைத்துத் தரும் அந்த நிறுவனம் எல்லாரையும் பழைய சர்வர்களிலிருந்து புதிய கட்டமைப்புக்கு மாற்றியபோது, அங்கே தளம் வைத்திருந்த கடைக்காரர்கள், ஒரு பள்ளி, ஒரு சிற்றிதழ் எனப் பலருக்கும் போனில் கூடவே இருந்து வேலை பார்த்தவன் நான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். பெயர் வேண்டாம். பிளான், விலை, எத்தனை ஜிபி என்பதெல்லாம் இந்நேரம் அவரே பார்த்திருப்பார்.

முதலில் நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாற்றியது சரியான முடிவு. பழைய சர்வர்களில் ஓடிய சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது, அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராத சர்வரில் மற்றவர்களின் தளங்களை வைத்திருப்பது பொறுப்பான காரியம் இல்லை. புது இடத்தில் அல்மாலினக்ஸ் இயங்குதளம், வேகமான என்விஎம்இ டிஸ்க், தளங்களை ஓட்டும் பிஎச்பி மொழியின் புதுப் பதிப்பு. வேகம் நிஜமாகவே கண்ணுக்குத் தெரிகிறது. படம் நிறைந்த ஜவுளிக்கடைத் தளம் முன்பெல்லாம் ஆடித் தள்ளுபடி நாட்களில் திணறும், இப்போது அசைவதே இல்லை. அன்றிலிருந்து சர்வர் விழுந்து யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

ஆனால் அந்தப் பச்சை டிக் இருக்கிறதே, இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

டாஷ்போர்டில், அதாவது வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில், "மைக்ரேஷன் (இடமாற்றம்) முடிந்தது" என்று பச்சையாக ஒரு டிக் வரும். அதன் அர்த்தம், கோப்புகளையும் டேட்டாபேஸையும் (தளத்தின் தகவல் கிடங்கு) அவர்கள் காப்பி செய்துவிட்டார்கள் என்பது மட்டும்தான். உங்கள் டொமைன், அதாவது தளத்தின் பெயர், இன்னும் பழைய சர்வரின் எண் முகவரியான ஐபியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். டொமைனை வேறு இடத்தில் வாங்கியவர்கள் ஏ ரெக்கார்டை, அதாவது தளப் பெயர் எந்த ஐபிக்குப் போகவேண்டும் என்ற பதிவை, தாங்களே போய் மாற்றவேண்டும் என்ற விஷயம் ஆங்கில மெயிலின் கடைசிப் பத்தியில் இருந்தது. டிக்கைப் பார்த்ததும் எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள், அந்தப் பத்தி வரை யார் படிப்பார்கள்?

ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டார். "என்னங்க, பொண்ணு போன்ல பார்த்தா புதுச் சரக்கு இருக்குது, என் கம்ப்யூட்டர்ல இல்லைங்களே, ரெண்டு கடை ஓடுதுங்களா?" உண்மையிலேயே இரண்டு கடை ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய ரெக்கார்டின் டிடிஎல், அதாவது பழைய முகவரியை மற்ற இடங்கள் நினைவில் வைத்திருக்கலாம் என்ற நேரம், 86,400 விநாடி, ஒரு முழு நாள். மாற்றிய பிறகும் கடையின் வைஃபை பழைய முகவரியையே நினைவில் வைத்திருக்க, பெண்ணின் மொபைல் டேட்டா புதிய சர்வருக்குப் போய்விட்டது. அந்த இடைவெளியில் சில ஆர்டர்கள் பழைய டேட்டாபேஸில் விழுந்தன, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் புதியதில் ஏற்றவேண்டியதாயிற்று. டிடிஎல்லை ஒரு நாள் முன்பே 300 விநாடிக்குக் குறைத்துவிட்டு, மாற்றும் நேரத்தில் பழைய தளத்தில் ஆர்டரை நிறுத்தி வைத்திருந்தால் இந்த வேலையே இல்லை. மாற்றும் தேதி அவர்களுக்குத்தானே தெரியும்? முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு எல்லாருக்கும் நான் ஒரே வழியைத்தான் வைத்துக்கொண்டேன். புதிய சர்வரில் மட்டும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு, உள்ளே "இது புது இடம்" என்று ஒரு வரி. போனில் அந்த முகவரியைத் திறக்கச் சொல்வேன், வரி தெரிந்தால் புதியது, பிழை வந்தால் பழையது. "வைஃபையை ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை பாருங்க" என்றால் அடுத்த நிமிடம் அவர்களுக்கே விஷயம் புரிந்துவிடுகிறது, அப்புறம் பயம் இல்லை. இத்தனை பெரிய நிறுவனம் டாஷ்போர்டில் "காப்பி முடிந்தது, டொமைன் இன்னும் பழைய இடத்தில்" என்று ஒரு வரி போட்டிருக்கக்கூடாதா?

மெயில் பற்றிச் சுருக்கமாக. எந்த சர்வர் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் பழைய ஐபி மட்டும் இருந்தவர்களின் மெயில் ஜிமெயிலில் நேராக ஸ்பாமுக்குப் போனது. பாப் (POP) முறையில் மெயிலைத் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்கிறவர்களுக்குப் பழைய மெயில் எல்லாம் மறுபடி புதிதாக வந்து கொட்டியது, ஏனென்றால் புதிய சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் வேறு அடையாள எண் கொடுக்கிறது. பள்ளி அலுவலகத்தில் இருந்த அக்கா பாவம், அன்றைக்கு முழுக்க டெலீட் செய்துகொண்டிருந்தார்.

சிற்றிதழ் விஷயம்தான் இதையெல்லாம் விடப் பெரியது. ஆசிரியர் ஐயா, "தம்பி, பழைய இதழ் எல்லாம் பூச்சி அரிச்ச ஏடு மாதிரி இருக்கே" என்றார். திறந்து பார்த்தேன். கட்டுரைகள் இருந்தன, ஆனால் புள்ளிகள் இல்லை. "தமிழ்" என்ற சொல்லில் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் கருப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. "அது" என்பதில் த மட்டும் நின்றது, உகரம் போய்விட்டது. ஏ, ஐ இரண்டும் எங்குமே இல்லை. மற்ற எழுத்துகள் எல்லாம் நலமாக இருந்தன.

காரணம் இதுதான். அந்தத் தளத்தின் பழைய டேபிள்கள் (டேட்டாபேஸின் அட்டவணைகள்) லத்தீன்-1 என்ற ஐரோப்பிய எழுத்துக் குறியீட்டில் இருப்பதாகக் குறிக்கப்பட்டவை, உள்ளே இருந்ததோ எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழ். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 8.0 பதிப்புக்கு முன்பு இயல்பாக அமைந்திருந்ததே லத்தீன்-1 தான், அதனால் பழைய தமிழ்த் தளங்கள் பலவற்றில் இப்படி இருக்கும். அதை அப்படியே புதியதில் ஏற்றினால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர் எனக் குப்பையாகத் தெரியும். இதைக் கவனித்த அவர்களின் தானியங்கிக் கருவி, லத்தீன்-1 போன்ற விண்டோஸ்-1252 என்ற எழுத்துப் பட்டியலை வைத்துத் திருப்பி மாற்றியிருக்கிறது. அந்தப் பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் மூன்று பைட், அதாவது 0 முதல் 255 வரையான மூன்று எண்கள். உகரக் குறியின் கடைசி பைட் 129, புள்ளிக்கு 141, ஏ-க்கு 143, ஐ-க்கு 144. காலி இடத்தில் விழுந்ததையெல்லாம் கருவி கேள்விக்குறியாக்கிவிட்டது. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதமுடியுமா? ஆங்கிலத் தளத்தில் சோதித்துப் பார்த்திருந்தால் இது கடைசி வரை தெரிந்திருக்காது.

கேள்விக்குறியாகிவிட்டதைத் திருப்ப வழி கிடையாது. மூலம் வேண்டும். மூலமோ பழைய சர்வரில், பழைய சர்வரைப் பச்சை டிக் வந்த மூன்றாம் நாளே அணைத்துவிட்டார்கள். "முடிந்தது" என்று அவர்களே முடிவு செய்து, அதை நம்பி அணைத்தும்விட்டார்கள்.

இங்கே ஒருவரைப் பாராட்டியே ஆகவேண்டும். இரவு ஷிஃப்டில் என் புகார் டிக்கெட்டை எடுத்த பெண், தமிழ் தெரியாதவர், நான் எழுதிய 129, 141, 143, 144 என்ற நான்கு எண்களையும் பார்த்தவுடன் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். வழக்கமான "கேஷ் கிளியர் செய்தீர்களா" கேள்வி இல்லை. மாற்றத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டை (சர்வரின் அப்போதைய நகலை) தேடியெடுத்து, லத்தீன்-1 என்றே வைத்து டேட்டாபேஸ் முழுவதையும் ஒரே கோப்பாக டம்ப் எடுத்துக் கொடுத்தார், அதனால் பைட் எதுவும் மாறவில்லை. கோப்பில் குறியீட்டு வரியை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8-இன் பெயர்) என்று மாற்றி ஏற்றினேன். புள்ளியெல்லாம் வந்துவிட்டது. ஐயா தன் முதல் இதழின் தலையங்கத்தைப் போனிலேயே சத்தமாக வாசித்தார், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய அமைப்புக்கு மாறியபோதும், தரவு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய தளத்தில் கோளாறு, 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். 2022 டிசம்பரில் 4.86 கோடி பவுண்டுக்கும் மேல் அபராதம். காப்பி ஆனதோடு வேலை முடியவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய கணக்கு வேண்டுமா? சின்ன ஹோஸ்டிங்கை யார் போய் அபராதம் போடப்போகிறார்கள்.

சரி, நண்பருக்கு என் பதில். வேகம் பிரமாதம், விலை பரவாயில்லை, அந்தச் சப்போர்ட் பெண்ணைப் போன்றவர்கள் வேறெங்கும் கிடைப்பார்களா என்று தெரியாது. இருந்தாலும் வேண்டாம். அடுத்து எப்போது மாற்றுவார்களோ, அன்றைக்கும் அதே டிக்தான் வரும். டாஷ்போர்டை மாற்றச் சொல்லி எழுதினேன், "பரிசீலிக்கிறோம்" என்றார்கள், இன்றுவரை மாற்றவில்லை. ஜவுளிக்கடை அங்கேயே இருக்கட்டும், அவருக்கு வேகம்தான் முக்கியம். சிற்றிதழை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறேன். ஆஃபரை விட மனசில்லை என்றால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மாற்றம் நடந்தால் பழைய சர்வரை எத்தனை நாள் அணைக்காமல் வைத்திருப்பீர்கள்? ஒரு மாதத்துக்குக் குறைவாகச் சொன்னால் எடுக்காதீர்கள்.