ரோபோவின் கண்ணுக்குப் பயிற்சி: நிஜக் கையா, சிமுலேஷனா, இணையப் படங்களா?

தட்டில் குவிந்து கிடக்கும் பொருள்களில் ஒன்றை ரோபோ கேமராவால் பார்த்து எடுக்க வேண்டும். இதற்கு எந்த நியூரல் நெட்வொர்க் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் நிரல்) சிறந்தது என்றுதான் பெரும்பாலானோர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், பயிற்சிக்கான டேட்டா எங்கிருந்து வரும் என்பதை முதலில் கேட்க வேண்டும். அதற்கு ஆராய்ச்சி உலகில் மூன்று பதில்கள் போட்டி போடுகின்றன: நிஜ ரோபோவையே ஓட்டிச் சேர்ப்பது, சிமுலேஷனில், அதாவது கணினிக்குள் அமைத்த போலி உலகில் உருவாக்குவது, இணையப் படங்களில் ஏற்கெனவே பயின்ற மாடலைக் கொண்டுவருவது.

நிஜ வழியின் கவர்ச்சி அதன் நேர்மை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிண்டோவும் குப்தாவும் 2015இல் ஒரு பாக்ஸ்டர் ரோபோவை 700 மணி நேரம் ஓடவிட்டு 50,000 பிடிமுயற்சிகளைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு கூகுள் ஆய்வாளர்கள் 14 ரோபோக் கைகள் வரை வைத்து, சுமார் 2 மாதங்களில் 8 லட்சத்தைத் தாண்டினார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் சரியா தவறா என்ற லேபிளை ஒட்ட ஆள் தேவையில்லை. பொருள் கையில் சிக்கியதா இல்லையா என்பதே லேபிள். 2018இல் வந்த கூகுளின் க்யூடி-ஆப்ட் என்ற கற்றல் முறை, 7 ரோபோக்கள் தந்த 5,80,000 முயற்சிகளில் பயின்று, முன்பின் பார்த்திராத பொருள்களையும் 96% முறை எடுத்தது. சரி, இத்தனை ரோபோக்களை மாதக்கணக்கில் யாரால் ஓட்ட முடியும்? கிரிப்பரையோ (பொருளைப் பிடிக்கும் விரல் பகுதி) கேமராவையோ மாற்றினால், சேர்த்த டேட்டாவின் மதிப்பில் ஒரு பகுதி அன்றே போய்விடும்.

சிமுலேஷனில் இந்தச் செலவு இல்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டெக்ஸ்-நெட் 2.0 (2017) 67 லட்சம் செயற்கை டெப்த் படங்களில், அதாவது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் படங்களில் பயின்றது. எந்தப் பிடி நிற்கும் என்பதை இயற்பியல் கணக்கே சொல்லிவிட்டது. இதில் சாமர்த்தியமான முடிவு, வண்ணப் படத்தை விட்டுவிட்டு டெப்த் படத்தை எடுத்தது. நிறமும் வெளிச்சமும் சிமுலேஷனில் அப்படியே வராது. தூரம் ஓரளவு வரும்.

வண்ணப் படம்தான் வேண்டும் என்றால்? அதே 2017இல் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் எதிர்த்திசையில் போனார்கள். படங்களை நிஜம் போலாக்க மெனக்கெடாமல், நிறம், வெளிச்சம், கேமரா கோணம் எல்லாவற்றையும் தாறுமாறாக மாற்றினார்கள். இவ்வளவு விதங்களைப் பார்த்த நெட்வொர்க்குக்கு நிஜ உலகம் இன்னொரு விதம், அவ்வளவுதான். மேசைமேல் இருந்த பொருளின் இடத்தைச் சுமார் 1.5 செ.மீ. பிழைக்குள் சொன்னது. கட்டையை எடுக்க அது போதும். துளைக்குள் ஊசியைச் செருகப் போதவே போதாது.

நிஜ டேட்டா என்றாலே உயர்ந்தது என்பவர்களுக்குக் கண்ணாடிப் பாத்திரம் நல்ல பதில். டெப்த் கேமராவின் ஒளி அதை ஊடுருவியோ சிதறியோ போய்விடுவதால் வரும் தூரம் தப்பு. சரியான தூரத்தை லேபிளாகத் தர கேமராவால் முடியாது. சிமுலேஷனுக்கோ எல்லாம் தெரியும். 2019இல் வந்த க்ளியர்கிராஸ்ப் என்ற உத்தி, கண்ணாடி போன்ற பொருள்களைச் செயற்கைப் படங்களில்தான் பயின்றது. அதை நிஜத்தில் சோதிக்க, ஒவ்வொரு பொருளுக்கும் அதே வடிவில் பெயின்ட் அடித்த ஒன்றை அச்சு அசலாக அதே இடத்தில் வைத்து அளந்தார்கள். சோதனைக்கே இந்தப் பாடு என்றால், லட்சக்கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

நிஜம், சிமுலேஷன் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க உதவும் ஆய்வு ஆர்கேன். தாறுமாறான சிமுலேஷன் படங்களையும் நிஜப் படங்களையும் ஒரே எளிய தோற்றத்துக்கு மாற்றிவிடும் உத்தி அது. ஒரு நிஜப் பிடிமுயற்சிகூட இல்லாமல் பயின்றபோது பிடியில் வெற்றி 70%. அதன்மேல் வெறும் 5,000 நிஜ முயற்சிகள் சேர்ந்ததும் 91%. மேலே சொன்ன 5,80,000 என்ற எண்ணோடு இதை வைத்துப் பாருங்கள். என் வாக்கு இந்தக் கலவைக்குத்தான்.

ஆனால் இது பார்வையில் உள்ள இடைவெளியை மட்டுமே மூடுகிறது. துணி, கேபிள், நசுங்கும் பை போன்றவற்றில் சிக்கல் தொடுகையில் இருக்கிறது. உராய்வும் மடிப்பும் சிமுலேஷனில் ஒழுங்காக வருவதில்லை. நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் அது சரியாகாது. அங்கே நிஜ ரோபோதான்.

மூன்றாவது வழிக்கு வருவோம். கூகுளின் ஆர்டி-1 என்ற ரோபோ மாடலுக்கு (2022) 13 ரோபோக்களை வைத்து 17 மாதங்களில் சுமார் 1,30,000 செயல்விளக்கங்களைத் திரட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆர்டி-2, அந்த ரோபோ டேட்டாவோடு இணையப் படங்களிலும் எழுத்திலும் பயின்ற மாடலைச் சேர்த்தது. பழகாத சூழல்களில் வெற்றி 32%இலிருந்து 62%ஆக ஏறியது. பெயர் சொன்னால் பொருளைக் கண்டுபிடிப்பதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் புதிய கையசைவு எதையும் இணையம் கற்றுத் தரவில்லை; அதை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். வேகமும் குறைவு: அதன் பெரிய வடிவம் நொடிக்கு 1 முதல் 3 முடிவுகள்தான் எடுக்கும். நகரும் பொருளைப் பிடிக்க இது ஆகாது.

அப்புறம் ஒன்று, இந்தச் சதவீதங்களை ஒரே வரிசையில் அடுக்கி முதலிடம், இரண்டாமிடம் என்று தராதீர்கள். ஒவ்வொரு ஆய்விலும் பொருள்கள் வேறு, கிரிப்பர் வேறு. க்யூடி-ஆப்ட் கையை நகர்த்திக்கொண்டே பார்த்துத் திருத்திக்கொள்ளும். டெக்ஸ்-நெட் ஒருமுறை பார்த்து முடிவெடுத்துக் கையை அனுப்பும்.

தேர்ந்தெடுக்க வேண்டியவர் நானாக இருந்தால்: 3டி வரைபடம் கையில் இருக்கும் உதிரிபாகங்களுக்கு யோசிக்காமல் சிமுலேஷன். எது வரும் என்றே தெரியாத கலவைக் குவியலுக்கு, பொருளைப் பிரித்துக் காட்ட இணையத்தில் பயின்ற மாடல், பிடியை முடிவு செய்ய டெப்த் படத்தில் பயின்ற சிறு நெட்வொர்க். துணிக்கும் கேபிளுக்கும் மனிதர் கைபிடித்துக் காட்டும் நிஜச் செயல்விளக்கம். இவற்றில் எதை எடுத்தாலும் சோதனை மட்டும் நிஜக் கேமராவில், பயிற்சியில் காட்டாத பொருள்களோடுதான் நடக்க வேண்டும். சிமுலேஷனில் பயின்றதைச் சிமுலேஷனிலேயே சோதித்துவிட்டு வரும் எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.