வயிற்றுப்போக்கில் தொடங்கிய கொரோனா: கும்பகோணம் பக்கம் கிடைத்த வைத்தியம்

2023 ஏப்ரலில் லண்டனிலிருந்து கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தோம். கொரோனாவை ஊரே மறந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் மட்டும் அந்த மாதம் மறுபடியும் மாஸ்க் கட்டாயம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு 2 பேரிடம் மாதிரி எடுத்தார்கள், எங்களைக் கூப்பிடவில்லை.

போன சில நாளிலேயே மனைவிக்கு வயிற்றுப்போக்கு, குமட்டல், சோற்றைப் பார்த்தாலே ஓங்கரிப்பு. இருமல், சளி எதுவும் இல்லை. "நம்ம ஊரு தண்ணி ஒத்துக்கல, வேறென்ன" என்று பெரியம்மா முடித்துவிட்டார்.

கடைத்தெரு மெடிக்கலில் டாக்டர் சீட்டே கேட்கவில்லை. ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த ஆன்டிபயாடிக் மாத்திரை ஒரு அட்டை, பேதியைக் கட்ட லோபரமைடு, ஓ.ஆர்.எஸ். (பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்) என்று எழுதிய ஆப்பிள் ஜூஸ் டெட்ரா பாக்கெட் இரண்டு. "ரெண்டு வேளை போடுங்கண்ணா, நின்னுடும்." வேகமான சேவைதான், அதில் குறையில்லை. ஆனால் எதனால் பேதி என்று தெரியாமலே ஆன்டிபயாடிக் கொடுப்பதை எப்படி ஏற்பது? வைரஸை அது தொடாது, சிலருக்குப் பேதியைக் கூட்டவும் செய்யும். மாத்திரையைப் பிரிக்காமல் மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

கூட்டம், வரிசை, உடைந்த பெஞ்சு எல்லாம் உண்டு. ஆனால் டாக்டரம்மா கேட்ட கேள்விகள் அருமை. மலத்தில் ரத்தம் உண்டா, காய்ச்சல் உண்டா, சிறுநீர் எவ்வளவு போகிறது, வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா? கடைசியாக, "எதுக்கும் மூக்குல ஒரு ஸ்வாப் எடுத்துடலாம்மா" என்றார். காசு வாங்கவில்லை. ரிசல்ட் பாசிட்டிவ்.

இந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது நுரையீரலில் மட்டுமல்ல, சிறுகுடலின் உட்சுவரிலும் நிறைய இருக்கிறது. அதனால் சிலருக்கு இருமலுக்கு முன்பே வயிறு கலங்கிவிடும். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் உறுதியான முதல் நோயாளிக்கே பேதி இருந்தது, மலத்திலும் வைரஸின் மரபணு தெரிந்தது. மூக்கில் நெகட்டிவ் வந்த பிறகும் அந்தத் தடயம் மலத்தில் நாள்கணக்கில் நீடிக்கலாம். கழிப்பறை போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி சிஸ்டர் அத்தனை அழுத்திச் சொன்னது சும்மா இல்லை.

வைத்தியம் என்று பார்த்தால் ஓ.ஆர்.எஸ்., காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால், கஞ்சி, மோர் சாதம், ஓய்வு. டிரிப்ஸ் ஏற்றினால்தான் வைத்தியம் என்று நினைக்கும் பெரியம்மாவுக்கு இதில் பெரிய ஏமாற்றம். வாயால் குடிக்க முடிகிறவர்களுக்குப் பெரும்பாலும் டிரிப்ஸ் தேவையில்லை. மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, மயக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள், 108-ஐக் கூப்பிடலாம்.

அங்கே இலவசமாகக் கொடுத்த ஓ.ஆர்.எஸ். பொடியை 1 லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பாதிப் பொடி, கால் பொடி என்று பிரித்தால் அளவு கெடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. அதனால் ஆசைக்குக் குடிக்கலாம், இதற்கு மாற்றாகாது.

மெடிக்கலில் வாங்கிய டெட்ரா பாக்கெட்டில் சர்க்கரைதான் தூக்கல். அந்த மாதிரி பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது. இன்னும் பழைய சரக்கு எங்காவது இருக்கலாம். ஊருக்குப் போகிறவர்கள் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சடித்த பொடி பாக்கெட்டையே கேட்டு வாங்குங்கள்.