ரொக்கமா, வரிக்கழிவா, பராமரிப்பு மானியமா: தாய் வேலைக்குத் திரும்புவதை எது தீர்மானிக்கிறது?

மகப்பேற்று விடுப்பு 16 வாரத்தில் முடிகிறது. வேலைக்குத் திரும்புவதா வேண்டாமா என்று சிங்கப்பூர்த் தம்பதிகள் கணக்குப் போடும்போது மூன்று அரசாங்க உதவிகள் முன்னால் நிற்கும். மூன்றுக்கும் ஒரே பலம் கிடையாது.

பிள்ளை பிறந்தால் அரசாங்கம் தரும் குழந்தை போனஸ் ரொக்கத்துக்கு வேலை நிபந்தனை இல்லை. 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த முதல் இரு பிள்ளைகளுக்குத் தலா 11,000 வெள்ளி. பிறந்ததும் 3,000, ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் தலா 1,500, பதினெட்டாம் மாதம் 1,000. இரண்டு வயதிலிருந்து ஆறரை வயதுவரை அரையாண்டுக்கு 400தான். மாதம் 67 வெள்ளிகூடத் தேறாது. சம்பளமில்லா விடுப்பைக் கொஞ்சம் நீட்டிக்க உதவும், வேலையை விடப் போதாது.

வேலை செய்யும் தாய்மாருக்கான வரிக்கழிவு, சம்பாதித்தால்தான் உண்டு. 2024 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு இது நிலையான தொகை: முதல் பிள்ளைக்கு 8,000, இரண்டாவதுக்கு 10,000, அதற்கு மேல் தலா 12,000. இந்தத் தொகை கையில் வராது, வரிக்குரிய வருமானத்தில்தான் கழியும். முதல் பிள்ளை பெற்று மாதம் 3,000 வாங்குபவருக்கு, மசேநிதிச் (மத்திய சேமநிதி) சந்தாவும் வேலை வருமானத்துக்கான வரிக்கழிவும் போக, ஆண்டுக்கு மிச்சம் 156 வெள்ளி. மாதம் 10,000 வாங்குபவருக்கு 920. முன்பு முதல் பிள்ளைக்குச் சம்பாத்தியத்தில் 15 விழுக்காடு என்று இருந்ததால், கூடுதலாக உழைத்தால் கழிவும் கூடியது. அந்தத் தூண்டுதல் இப்போது இல்லை.

முடிவை உண்மையில் அசைப்பது பராமரிப்பு மானியம். தாய் மாதம் 56 மணி நேரமாவது வேலை செய்தால் சிசுப் பராமரிப்புக்கு (ஒன்றரை வயதுவரை) மாத அடிப்படை மானியம் 600 வெள்ளி, அதற்கு மேற்பட்ட வயதினரின் முழுநாள் குழந்தைப் பராமரிப்புக்கு 300. இல்லையென்றால் எதற்கும் 150தான். சிசுவுக்கு மட்டும் மாதம் 450 வித்தியாசம்! குடும்பத்தின் மாத வருமானம் 12,000க்குள் இருந்தால் வேலை செய்பவருக்குக் கூடுதல் மானியமும் சேரும்.

56 மணி என்பது வாரத்துக்குச் சுமார் 14 மணி. சனி, ஞாயிறு ஏழேழு மணி நேர ஷிஃப்ட் பார்த்தாலே ஏறக்குறைய எட்டிவிடும். சிக்கல், ஷிஃப்ட் குறைக்கப்படும்போது வருகிறது. 50 மணிக்கு இறங்கினால் மானியம் கொஞ்சமாகக் குறையாது, ஒரேயடியாக 150க்கே விழும். அதனால் பகுதிநேர வேலை பேசும்போதே குறைந்தபட்ச மணிநேரத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

2024 டிசம்பர் 9 முதல், மாத வருமானம் 6,000க்குள் உள்ள குடும்பங்களின் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் தாய் வேலை செய்ய வேண்டும் என்ற இந்த நிபந்தனை நீக்கப்பட்டது. இது நியாயமான மாற்றம்: அம்மாவுக்கு வேலை போனதற்காகப் பிள்ளையின் பாலர்பள்ளி இடம் ஆட்டம் காணக்கூடாது. சிசுக்களுக்கு நிபந்தனை அப்படியே இருக்கிறது.

தாத்தா பாட்டியும் வீட்டில் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஐவருக்குக் குறையாத குடும்பத்தில் மூவராவது வருமானமில்லாமல் சார்ந்திருந்தால், தலைக்கு வருமானத்தை வைத்துக் கூடுதல் மானியத்தைக் கணக்கிடக் கேட்கலாம். இருவர் சம்பளத்தால் மேல் வருமானப் படிக்குப் போன குடும்பம்கூட அதில் கீழ்ப்படிக்கு இறங்கி, அதிக மானியம் பெற வாய்ப்புண்டு.