180 குதிரைத்திறன் வேண்டும்: லைகாமிங் ஓ-360-ஆ, மாஸ்டா 13பி ரோட்டரியா?

அமெரிக்காவில் ஆர்வி-6, ஆர்வி-7 போன்ற இரண்டு இருக்கை விமானங்களைத் தங்கள் கொட்டகையிலேயே கட்டி முடிப்பவர்கள் ஏராளம். உடல் ஓரளவு தயாரானதும் எந்த எஞ்சினை முன்னால் மாட்டுவது என்ற கேள்வி வரும். பெரும்பாலானோர் விமானத்துக்கென்றே செய்த லைகாமிங் ஓ-360 பக்கம் போய்விடுவார்கள். ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களிலிருந்து கழற்றிய மாஸ்டா 13பி ரோட்டரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் சிலர். இந்தச் சிலர் பல பத்தாண்டுகளாகப் பறந்துகொண்டிருப்பதால், அவர்கள் வாதத்தைப் புறந்தள்ள முடியாது.

லைகாமிங்கின் பலம் அதன் எளிமை. 5.9 லிட்டர் கொள்ளளவு, எதிரெதிராகப் படுத்த நான்கு சிலிண்டர், காற்றே குளிர்விக்கும். நிமிடத்துக்கு 2700 சுற்றில் 180 குதிரைத்திறன். புரொப்பெல்லர் நேராக கிராங்க் ஷாஃப்டில் உட்காருவதால் கியரே கிடையாது. தீப்பொறிக்கு இரண்டு மேக்னெட்டோ, தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்குவதால் அவற்றுக்கு பேட்டரி தேவையில்லை. விமானத்தில் மின்சாரம் முழுவதும் போனாலும் எஞ்சின் ஓடும். ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பதற்கு, நிறுவனம் சொல்லும் கணக்கு 2000 மணி நேரம். ஆனால் குறையே இல்லாத குடும்பம் இல்லை. 1970-களின் கடைசியில் செஸ்னா 172-இல் வந்த இதே குடும்பத்து ஓ-320-எச்2ஏடி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் தேய்மானத்துக்காகவே பேர் கெட்டது. வால்வு சிக்கிக்கொள்வதும் சிலிண்டர் ஹெட் விரிசல் விடுவதும் இந்த வகை எஞ்சினில் மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன நோய்கள்.

13பி-யில் அந்த நோய்கள் வர வழியே இல்லை. வால்வு, கேம், பிஸ்டன், கனெக்டிங் ராடு எதுவும் கிடையாது. 654 சிசி வீதம் இரண்டு முக்கோண ரோட்டர், நடுவில் ஒரு ஷாஃப்ட், அவ்வளவே. ஷாஃப்ட் மூன்று முறை சுற்றினால் ரோட்டர் ஒரு முறைதான் சுற்றும். மீட்டர் 6000 காட்டும்போது ரோட்டர் 2000-இல் நிதானமாக ஓடுகிறது. முன்னும் பின்னும் அடிக்கிற பாகம் எதுவும் இல்லாததால் அதிர்வும் குறைவு. ஒரு ரோட்டரின் முனையிலுள்ள அபெக்ஸ் சீல் தேய்ந்து அழுத்தம் குறைந்தாலும் பெரும்பாலும் மற்றது இழுத்துக்கொண்டு வரும். லைகாமிங்கில் ராடு உடைந்தால் பிளாக்கையே கிழித்துக்கொண்டு வெளியே வரும். ரோட்டரியில் அப்படி வெளியே வர ராடு ஏது? எஞ்சினை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் நான் 13பி-க்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இனி பவர். ஒரே 13பி-யிலிருந்து அதை மூன்று வழியில் எடுக்கலாம், நம்பகமும் அந்த வழிக்கேற்ப மாறும்.

காரில் வந்த சைடு போர்ட்டை (பக்கத் தட்டில் உள்ள உறிஞ்சு வாயை) அப்படியே வைத்து, உறிஞ்சு குழாயின் நீளத்தை மட்டும் சரிசெய்தால் 6000 முதல் 6500 சுற்றில் தோராயமாக 160 முதல் 180 கிடைக்கும். சாதாரண கார் பெட்ரோலே போதும். நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் பயம், குறைவு.

ரோட்டரைச் சுற்றியுள்ள ஹவுசிங்கைத் துளைத்து அங்கே உறிஞ்சு வாய் (பெரிஃபெரல் போர்ட்) வைத்தால் 7000-க்கு மேல் 200-ஐத் தாண்டலாம். 1991-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி-யின் நான்கு ரோட்டர் எஞ்சினும் பெரிஃபெரல் போர்ட் வகைதான். எனவே இது உறுதி குறைந்த வழி அல்ல. ஐடிலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சத்தம் காதைப் பிளக்கும். அதோடு எஞ்சின் சுற்றைக் குறைத்து புரொப்பெல்லருக்குத் தரும் கியரின் விகிதம், சைடு போர்ட்டுக்குப் போதுமான 2.17-க்குப் பதில் 2.85 ஆக வேண்டும், ஏனென்றால் புரொப்பெல்லர் 2700 பக்கம்தான் சுற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கி, பவர் சத்தமாகவே வீணாகும்.

மூன்றாவது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ. ஆர்எக்ஸ்-7-இன் இரட்டை டர்போ 13பி, அமெரிக்கச் சந்தையில் 255 குதிரைத்திறனோடு வந்தது. கார் அந்தப் பவரை நெடுஞ்சாலையில் சில நொடிகள்தான் கேட்கும். விமானம் ஓடுபாதையிலிருந்து கிளம்பி மேலேறும்வரை பல நிமிடம் விடாமல் கேட்கும். கலவை கொஞ்சம் மெலிந்தால் நாக்கிங், நாக்கிங் வந்தால் அபெக்ஸ் சீல் உடையும், உடைந்த துண்டு டர்போவின் டர்பைனில் போய் அடிக்கும். காற்று மெலிந்த உயரமான மலைப்பகுதியில் பறப்பவர் தவிர வேறு யாரும் இதைத் தொடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சைடு போர்ட்டையே எடுத்துக்கொண்டாலும் வேலை முடிவதில்லை. கார் எஞ்சின் மாட்டிய விமானம் எஞ்சின் நின்று வயலில் இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரோட்டரை அல்ல, அதைச் சுற்றி நாமே கட்டியவற்றைத்தான். ரோட்டரி தன் கழிவு வெப்பத்தில் கணிசமான பங்கை ஆயிலில் தள்ளுகிறது. கார் ரேடியேட்டர் அனுபவத்தை நம்பி ஆயில் கூலரைச் சிறிதாக வைத்தவர்கள் முதல் ஏற்றத்திலேயே திரும்பி இறங்க வேண்டிவரும். இரும்புப் பக்கத் தட்டும் அலுமினிய ஹவுசிங்கும் வெவ்வேறு அளவில் விரிவதால், ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே இடையிலுள்ள தண்ணீர் சீல்கள் கெடலாம். வெளியேறும் புகை பிஸ்டன் எஞ்சினைவிடச் சூடானது, சாதாரண சைலன்சர் அந்தச் சூட்டில் சிதைந்துவிடும். கியர்பாக்ஸ், எரிபொருள் பம்ப், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பேட்டரி ஒவ்வொன்றும் தனியாக நின்று விமானத்தை இறக்கக்கூடியவை. ஒரு ரோட்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் இருக்கிறதே என்று மகிழலாம், ஆனால் மின்சாரம் போனால் இரண்டும் அணையும். இவை எல்லாம் சேர்ந்த பிறகு எடையும் லைகாமிங் அளவுக்கு வந்துவிடுகிறது. நீண்டு மெலிந்த எரியறையில் வெப்பம் சுவரிலேயே வீணாவதால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

தொழிற்சாலையிலிருந்தே முழுமையாக வரும் ரோட்டரிகளும் உண்டு. ஷ்லெய்ஷர் ஏஎஸ்எச் 26ஈ மோட்டார் கிளைடரில் இருப்பது சுமார் 50 குதிரைத்திறன் ஒற்றை ரோட்டர். நம் நாட்டிலும் நிஷாந்த் ஆளில்லா விமானம் 2009-இல் கோலாரில் உள்நாட்டு வான்கெல் (ரோட்டரி) எஞ்சினோடு பறந்தது. ஆனால் 180 தேடுபவருக்கு இவை உதவாது. 100 போதுமென்றால் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் இருக்கும்போது ரோட்டரி பற்றி யோசிக்கவே வேண்டாம். அதுவும் கியர் வைத்ததுதான், ஆனால் அந்த கியரை வடிவமைத்துச் சோதித்தது எஞ்சினைச் செய்த நிறுவனமே.

பறப்பதற்காகக் கட்டுபவர் ஓ-360 வாங்கட்டும். கட்டுவதிலேயே இன்பம் காண்பவர், வெல்டிங்கும் வயரிங்கும் கைவந்தவர், சைடு போர்ட் 13பி எடுக்கலாம். அவர் கூடுதல் பவருக்கு ஒதுக்கும் பணத்தைப் பெரிய ஆயில் கூலர், இரண்டு பம்ப், இரண்டு பேட்டரி, தனித்தனி வயரிங் ஆகியவற்றில் போடட்டும். விமானத்தைத் தரையில் கட்டிவைத்து, வெயில் உச்சியில் இருக்கும் மதியத்தில் முழு த்ராட்டிலில் ஓட்டட்டும். ஆயில் சூடு ஓரிடத்தில் நிலைக்காமல் ஏறிக்கொண்டே போனால் முதல் பறப்பைத் தள்ளிவைத்துவிட்டு, கூலரின் காற்றுக் குழாயைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும்.