இஃப் அடுக்கா, பட்டியலா, எண்ணிக்கையா? ஒரு மதிப்பெண் ஷீட்டை வைத்து ஓர் அலசல்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 பேர், ஐந்து பாடம், பாடத்துக்கு 100, தேர்ச்சிக்கு 35. எக்செல் ஷீட்டின் ஏ நெடுவரிசையில் பெயர், பி முதல் எஃப் வரை தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், ஜி-யில் சராசரி. தலைமை ஆசிரியர் கேட்பது மூன்றே கேள்வி: யார் பாஸ், யாருக்கு என்ன கிரேடு, ஒரே ஒரு பாடத்தில் மட்டும் கோட்டை விட்டவர்கள் யார் யார்? மூன்றுக்கும் எக்செல்லில் பல வழி உண்டு. எல்லாம் ஒரே விடையைத் தரும் என்றுதான் தோன்றும். தராது. (ஃபார்முலாக்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், செல்லில் (கட்டத்தில்) ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் எழுதுவது இது:

=இஃப்(ஆண்ட்(பி2>=35,சி2>=35,டி2>=35,இ2>=35,எஃப்2>=35),"பாஸ்","ஃபெயில்")

ஐந்தும் 35-ஐ எட்டினால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில்: படிக்கத் தெளிவாக இருக்கிறது. எல்லா மாணவர்களும் எல்லாத் தேர்வும் எழுதியிருந்தால் விடையும் சரி. ஆனால் கணிதத் தேர்வுக்கு ஒருவர் வரவில்லை, அந்தச் செல்லில் "ஆப்" (ஆப்சென்ட்) என்று போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செல்லுக்கு எப்போதும் எழுத்துதான் பெரிது. அதனால் "ஆப்" என்பது 35-ஐவிடப் பெரியது, ஆள் பாஸ்! ஆண்ட்-க்குப் பதில் ஆர் போட்டு, "எதிலாவது 35-க்குக் கீழே இருந்தால் ஃபெயில்" என்று திருப்பி எழுதினாலும் கதை அதேதான். மின் ஃபார்முலாவால் குறைந்தபட்ச மதிப்பெண்ணைப் பார்த்து, அது 35-க்குக் குறையவில்லை என்றால் பாஸ் என்று எழுதுபவர்களும் உண்டு. மின் ஃபார்முலா எழுத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, எனவே அதிலும் தேர்வுக்கு வராதவர் தேறிவிடுவார்.

இதற்குப் போட்டியான வழி:

=இஃப்(கவுண்ட்இஃப்(பி2:எஃப்2,">=35")=5,"பாஸ்","ஃபெயில்")

கவுண்ட்இஃப் இந்த நிபந்தனைக்கு எண்களை மட்டும்தான் எண்ணும். "ஆப்" கணக்கில் வராது, காலிச் செல்லும் வராது. ஐந்து தேறாது, ஆள் ஃபெயில். நீளமும் குறைவுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இதையே "<35" எத்தனை, பூஜ்யமா என்று மாற்றி எழுதினால் பழைய ஓட்டை திரும்ப வந்துவிடும். தேறியதை எண்ணுங்கள், தோற்றதை எண்ணாதீர்கள். இந்தச் சுற்றில் ஆண்ட்-க்கு என் ஓட்டு இல்லை. வெவ்வேறு வகை நிபந்தனைகளைச் சேர்க்க அது நல்லது: வருகைப் பதிவு 75 சதவீதமும் இருக்க வேண்டும், கட்டணமும் கட்டியிருக்க வேண்டும் என்பதுபோல. ஒரே நிபந்தனையை ஐந்து செல்லுக்குத் திரும்பத் திரும்ப எழுத அது வேண்டியதில்லை.

அடுத்தது கிரேடு. 91-க்கு ஏ1, 81-க்கு ஏ2, 71-க்கு பி1 என்று இறங்குகிறது. இஃப்புக்குள் இஃப் அடுக்குவது பழைய வழி. எக்செல் 2003 வரை ஏழு அடுக்குதான் அனுமதி. 2007 முதல் 64. அனுமதி இருக்கிறது என்பதற்காக அடுக்கினால் கடைசியில் எத்தனை அடைப்புக்குறி போட வேண்டும் என்று விரல் விட்டு எண்ண வேண்டியதுதான். எக்செல் 2019-இல் வந்த இஃப்ஸ் அந்தத் தொல்லையைத் தீர்த்தது:

=இஃப்ஸ்(ஜி2>=91,"ஏ1",ஜி2>=81,"ஏ2",ஜி2>=71,"பி1",ட்ரூ,"மற்றவை")

பார்க்க அழகு. ஆனால் "இல்லாவிட்டால்" என்பதற்கு இதில் தனி இடம் கிடையாது, கடைசியில் ட்ரூ என்று நீங்களே போட வேண்டும். மறந்தால் கீழே இருப்பவர்களுக்கெல்லாம் பிழைதான் வரும். பழைய எக்செல் இருக்கும் கணினியில் இந்த ஃபைலைத் திறந்தால் முதலில் சரியாகவே தெரியும். செல்லைத் தொட்டு என்டர் தட்டினால் போதும், பெயர் தெரியாத ஃபார்முலா என்று கைவிரித்துவிடும். அப்புறம், ஏ1-க்கு மேற்கோள் குறி போட மறந்தால் ஏ1 செல்லில் இருக்கும் தலைப்பே வந்து நிற்கும்: 91 எடுத்த முதல் வரிசை மாணவரின் கிரேடு "பெயர்".

அடுக்கு, இஃப்ஸ் இரண்டுக்கும் பொதுவான ஒரு தவறு, 81 முதல் 90 வரை, 91 முதல் 100 வரை என்று இரு பக்கமும் வேலி கட்டுவது. சராசரி 90.4 வந்தால் அது எந்த வேலிக்குள்ளும் இல்லை. மேலிருந்து கீழே ஒரு பக்க எல்லை மட்டும் போதும்.

என் தேர்வு இந்த இரண்டும் இல்லை, பட்டியல்தான். கே நெடுவரிசையில் 0, 35, 41, 51, 61, 71, 81, 91 என்று ஏறுவரிசையில், எல்-இல் அதற்கான கிரேடு. பிறகு, சராசரியைத் தாண்டாத எல்லைகளில் பெரியதைப் பட்டியலில் தேடி அதன் கிரேடைத் தரும் வி-லுக்கப்:

=வி-லுக்கப்(ஜி2,$கே$2:$எல்$9,2,ட்ரூ)

நாளை எல்லையை மாற்றச் சொன்னால் ஒரு செல்லை மாற்றினால் போதும். 40 வரிசை ஃபார்முலாவைத் தொட வேண்டாம். விதி என்ன என்று ஃபார்முலா தெரியாதவரும் கண்ணால் பார்த்துத் தப்பைச் சொல்ல முடியும். பட்டியல் ஏறுவரிசை தவறினால் சத்தமில்லாமல் தப்பான கிரேடு தரும், அது ஒரு குறை. அதன் புதிய வடிவமான எக்ஸ்-லுக்கப்பில் அந்த நிபந்தனை இல்லை, ஆனால் அதற்கு எக்செல் 2021 வேண்டும். இரண்டே பிரிவு என்றால் பட்டியல் வீண் வேலை, ஒரு இஃப் போதும். ஸ்விட்ச் என்பது 1 என்றால் தமிழ் வழி, 2 என்றால் ஆங்கில வழி என்பதுபோல் குறியீட்டை விரிக்கத் தோதானது. எல்லைகளுக்கு அதை இழுக்காதீர்கள். எந்த வழியானாலும் சராசரியை ஆவரேஜ் போட்டு எடுக்க வேண்டாம். அது "ஆப்" செல்லை விட்டுவிட்டு நான்கால் வகுத்துவிடும். கூட்டி ஐந்தால் வகுங்கள்.

மூன்றாவது கேள்வி, ஒரே பாடத்தில் மட்டும் தோற்றவர்கள். பெயரைப் பார்த்தால் இதற்கு எக்ஸ்-ஆர் (இரண்டில் ஒன்று மட்டும் உண்மையா என்று பார்ப்பது) பொருத்தம் என்று தோன்றும். இரண்டு நிபந்தனைக்கு அது சரி. ஐந்துக்குப் போனால் உண்மையாக இருப்பவை ஒற்றைப்படையா என்றுதான் பார்க்கும். மூன்று பாடத்தில் தோற்றவரும் உள்ளே வந்துவிடுவார். ஆர் போட்டால் எதிலாவது தோற்ற எல்லோரும் வருவார்கள். இங்கேயும் எண்ணிக்கைதான் கைகொடுக்கிறது. எச் நெடுவரிசையில்:

=5-கவுண்ட்இஃப்(பி2:எஃப்2,">=35")

0 என்றால் பாஸ், 1 என்றால் ஒரே பாடம். முதல் கேள்விக்கும் இதுவே பதில், தனி பாஸ் ஃபார்முலாகூடத் தேவையில்லை. இப்படி உதவி நெடுவரிசை போடாமல் ஒரே செல்லில் சம்ப்ராடக்ட் (பெருக்கிக் கூட்டும் ஃபார்முலா) எழுதி மொத்தத்தையும் எடுப்பவர்கள் உண்டு. திறமைதான். ஆனால் ஏழு பேர் என்று விடை வந்தால் அந்த ஏழு பேர் யார் என்று அதில் தெரியாது, தப்பு எங்கே என்று தேடவும் வழியில்லை.

கணிதத்திலோ அறிவியலிலோ தோற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் கவனம். இரண்டு கவுண்ட்இஃப்பைக் கூட்டினால் இரண்டிலும் தோற்றவர் இரண்டு முறை எண்ணப்படுவார். இரண்டு நிபந்தனையும் போட்ட ஒரு கவுண்ட்இஃப்ஸைக் கழிக்க வேண்டும்.

பெயர்ப் பட்டியலுக்கு =ஃபில்டர்(ஏ2:ஏ41,எச்2:எச்41=1). கூகுள் ஷீட்ஸ், எக்செல் 2021, லிப்ரே ஆஃபீஸ் 24.8 எல்லாவற்றிலும் ஓடும். ஃபில்டருக்குள் இரண்டு நிபந்தனை வேண்டுமென்றால் ஆண்ட் போடக் கூடாது, அது 40 வரிசையையும் சேர்த்து ஒரே விடையாக்கிவிடும். இரண்டையும் பெருக்கல் குறியால் இணைக்க வேண்டும். பழைய எக்செல் என்றால் டேட்டா மெனுவில் உள்ள ஃபில்டரைப் போட்டு எச்-இல் 1-ஐத் தேர்ந்தெடுத்தால் அதே பெயர்கள் வரும். மறுகூட்டலில் யாருக்காவது மதிப்பெண் மாறினால் மட்டும் அதை மறுபடி ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும், தானாக மாறாது.