பெயர் சொல்லிப் போகிற கோரிக்கைகள்: கஸில் மிடில்வேரோடு மூன்று வருடம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்காகச் சின்ன பிஎச்பி மென்பொருள் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், எடை போட்ட தேயிலைக் கொழுந்தின் கணக்கைத் தொழிற்சாலை சேர்வருக்கு அனுப்பும். லொறிப் பாதைக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தேடல் சேவையான நாமினாட்டிமில் இடம் தேடும். இந்தக் கோரிக்கைகளை அனுப்புவது கஸில் என்ற பிஎச்பி லைப்ரரி. நாமினாட்டிமின் பொதுச் சேவையில் நொடிக்கு 1 கோரிக்கைதான். கேட்பது எந்தச் செயலி என்று கோரிக்கையோடு போகும் ஹெடர்களான (குறிப்பு வரிகளான) யூசர் ஏஜென்டிலோ ரெஃபரரிலோ சொல்லவும் வேண்டும். லைப்ரரி தானாக வைக்கும் பெயர் செல்லாது.

கையால் ஹெடர் எழுதினால் எங்காவது விட்டுப்போகும். கஸிலில் ஒவ்வொரு கோரிக்கையும் வரிசையாகக் கடந்து போகும் சின்ன நிரல்துண்டுகள்தான் மிடில்வேர்; அந்த வரிசை ஹேண்ட்லர் ஸ்டாக். அதில், கோரிக்கையை மாற்றி அனுப்பும் மேப்ரிக்வெஸ்ட் ஒன்றைச் சேர்த்தேன். செயலிப் பெயர், பதிப்பு, தொடர்புக்கு ஒரு மெயில், அப்புறம் ரிக்வெஸ்ட் ஐடி. பத்து வரிகூட இல்லை. ஆனால் முதல் வாரம் ஒன்றுமே போகவில்லை! ஹெடர் சேர்க்கும் வித்ஹெடர் பழைய கோரிக்கையைத் தொடாது, புதுப் பிரதியைத்தான் தரும். நான் பழையதையே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எர்ரரும் வராது.

சரி, பெரிய அடி ஜூலை மழையில். லைன் போய்ப் போய் வர, தோற்ற கோரிக்கையை மறுபடி அனுப்பும் ரீட்ரை மிடில்வேர் திரும்பத் திரும்ப அனுப்பியது. "அண்ணே, ஒரே ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ மூணு தடவை ஏறியிருக்கு" என்று மடுவத்திலிருந்து தம்பி போன் பண்ணினான். தொழிற்சாலைப் பக்கம் ஐடியை வைத்துத்தான் இரட்டிப்பைத் தள்ளுவார்கள். எங்களிடமிருந்து ஒவ்வொரு முயற்சிக்கும் புது ஐடி போயிருக்கிறது. கஸிலில் ஸ்டாக்குக்குள் முதலில் புஷ் செய்தது, அதாவது சேர்த்தது, வெளியே நிற்கும், கடைசியில் செய்தது உள்ளே. ரீட்ரை வெளியே இருந்ததால், ஒவ்வொரு சுற்றிலும் ஐடி புதிதாகப் பிறந்தது. ஐடியை முதலில் புஷ் செய்து ரீட்ரையை அதற்குப் பின்னால் வைத்தேன். இரண்டு வரி இடம் மாறியது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள்.

ரீடைரக்டையும், அதாவது சேர்வர் நம்மை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதையும், கவனியுங்கள். வேறு ஹோஸ்டுக்குத் திரும்பினால் ஆத்தரைசேஷன், குக்கி ஹெடர்கள் இரண்டையும் கஸில் கழற்றிவிடும். நாம் சேர்த்த ஹெடர்கள் கூடவே போகும். அதனால், ஹெடரில் போகும் தோட்டக் குறியீட்டை இப்போது ஹோஸ்டைப் பார்த்துத்தான் சேர்க்கிறேன். தோட்டப் பெயரைத் தமிழிலேயே ஹெடரில் வைத்தும் பார்த்தேன்; மறுமுனையில் கிறுக்கலாக விழுந்தது.

போன வருடம் நேரம் வைத்துத் தானாக ஓடும் எங்கள் கிரான் வேலை ஒன்று ராத்திரி முழுக்க ஒரே இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. சேவை நடத்துபவர் தடை போடாமல், யூசர் ஏஜென்டில் இருந்த முகவரிக்கு எழுதியிருக்கிறார். அது வேலையை விட்டுப் போன பையனுடைய மெயில். நல்ல பிள்ளை, எனக்கு அனுப்பிவைத்தான், நாலு நாள் கழித்து.