வெளியில் எடுத்துப்போகும் கத்திக்கு எந்த ஸ்டீல்? ஒன்பது வருட அனுபவம்

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் தோல் உறையிலிருந்து கத்தியை உருவினேன். வாயை ஒட்டிப் புள்ளி புள்ளியாகத் துரு. பக்கவாட்டில் 'டி2' என்று ஸ்டீலின் பெயரைப் பளிச்சென்று பொறித்திருந்தது. "இதுவும் ஏறக்குறைய ஸ்டெயின்லெஸ்தான்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்த 'ஏறக்குறைய'வை நான் காதில் வாங்கவில்லை.

துருவை விட, ஏன் துரு என்ற கேள்விதான் என்னை அரித்தது. குரோமியம் பத்தரை சதவீதம் இருந்தாலே ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள். டி2வில் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அப்புறம் எப்படி? வில்லன் கார்பன். டி2வில் அது 1.5 சதவீதம். குரோமியத்தை இழுத்துப் பிடித்து, கார்பைடு என்கிற கெட்டித் துகள்களாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. துகளுக்குள் சிக்கிய குரோமியம் தேய்மானத்தைக் குறைக்கும், துருவைத் தடுக்க வராது. எஃகில் கரைந்து நிற்கிற மிச்சம்தான் காவல் காக்கும். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஸ்டெயின்லெஸ் எஃகின் முன்னோடி ஹாரி பிரேர்லி உருக்கிய எஃகிலும் குரோமியம் 12.8 சதவீதம்தான். ஆனால் கார்பன் வெறும் 0.24. கிட்டத்தட்ட அதே அளவு குரோமியம். அது துருவுக்கு மசியவில்லை, என் கத்தி மூன்று நாள் மழைக்குத் தாங்கவில்லை.

கார்பனை இன்னும் குறைத்தால் தொல்லை விட்டதே என்று தோன்றும். எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் அப்படித்தான் செய்கிறார்கள். நிக்கல் கலந்த அந்த எஃகை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது, கூர் நிற்காது. கத்திக்கு இரண்டும் வேண்டும். எவ்வளவுக்கு எவ்வளவு என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

அந்தச் சூட்டில் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். 'எஸ்30வி' கத்தி ஒன்று வாங்கினேன். 2001இல் கத்திக்கென்றே வடிவமைத்து வந்த பவுடர் ஸ்டீல், அதாவது எஃகைப் பொடியாக்கி அழுத்திச் செய்வது: குரோமியம் 14, வனேடியம் 4 சதவீதம். கூர் நிற்பதைப் பற்றிச் சொன்னதெல்லாம் நிஜம். கயிறு, அட்டை, காய்ந்த குச்சி என்று மூன்று வாரம் அறுத்த பிறகும் முழங்கை மயிரை வழித்தது. நாலு பேரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன் என்பதையும் மறைப்பானேன்.

ஒரு பயணத்தில் காய்ந்த கட்டையைப் பிளக்கும்போது கணுவில் மாட்டிக்கொண்டது. பொறுமையில்லாமல் பக்கவாட்டில் நெம்பி எடுத்தேன். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் வாயை மேலே திருப்பிப் பார்த்தேன். நல்ல கூரில் வெளிச்சம் நிற்காது, வாய் கறுப்புக் கோடாகத்தான் தெரியும். என் கத்தியில் நான்கு இடத்தில் மினுக்மினுக்கென்று மின்னியது. நகத்தை வைத்து மெல்ல இழுத்தால் அந்த நான்கு இடத்திலும் தட்டியது. பொக்கை.

பையில் இருந்த சாதாரண சாணைக்கல்லை எடுத்து அரைமணி நேரம் தேய்த்தேன். கல்தான் தேய்ந்தது. வனேடியம் கார்பைடு, சாணைக்கல்லில் இருக்கிற அலுமினியம் ஆக்சைடை விடக் கெட்டி. அதை ஒழுங்காக அறுக்க வைரத் தூள் பதித்த தகடு வேண்டும். இது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டது. மீதிப் பயணம் முழுக்க ஏறுக்குமாறான வாயுடன் அந்தக் கத்திதான் கையில்.

ஸ்டீலை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நெம்பியது நான். அந்தக் கத்தியின் கூரும் பக்கத்துக்குப் பதினைந்து டிகிரி அளவில் மெல்லியதாக வைக்கப்பட்டிருந்தது, நறுக்கும் வேலைக்கு ஏற்ற வாய் அது. இரண்டு சாயங்காலம் வைரத் தகட்டில் உட்கார்ந்து இருபது டிகிரிக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு பொக்கைகூட விழவில்லை. அறுக்கும்போது இருந்த அந்த வழுக்கு மட்டும் கொஞ்சம் போய்விட்டது.

பயணத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டபோது மாற்றாகத்தான் சுவீடனின் மோரா கத்தி ஒன்றை வாங்கினேன். பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை. ஸ்டீல் 12சி27: கார்பன் 0.6, குரோமியம் 13.5 சதவீதம். பெயரைச் சொன்னால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். தற்காலிகமாக வந்தது ஐந்து வருடம் இடுப்பில் தொங்கியது.

அது சீக்கிரம் மழுங்கும். நாள் முழுக்க மரம் செதுக்கினால் சாயங்காலம் கை உணர்ந்துவிடும். சீவல் சுருள் சுருளாக வராமல் பொடியாக வரும். ஆனால் தீட்ட ஆகிற நேரம் நான்கு நிமிடம். கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சரிந்த பக்கத்தைப் படிய வைத்து, பக்கத்துக்கு ஏழெட்டு இழுப்பு. கட்டைவிரலை வாய்க்குக் குறுக்கே வெளிப்பக்கமாக நகர்த்தினால் மெல்லிய பிசிர் தட்டும். அது ஒரு முனை முதல் மறு முனை வரை சீராகத் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டாத இடத்தில் இன்னும் நாலு இழுப்பு. பிறகு இடுப்பு பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழுத்துப் பிசிரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கல் கிடைக்காத ஒரு நாள், பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாத வளையம் இருக்குமே, அதில் தேய்த்துச் சமாளித்தேன். எஸ்30வியில் இந்த வித்தை எனக்குப் பலிக்கவில்லை.

நெம்பினாலும் 12சி27இல் வாய் பெரும்பாலும் உதிராது, மடியும். மடிந்ததை நிமிர்த்தலாம். உதிர்ந்ததை அந்த ஆழம் வரை தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். காட்டில் இந்த ஒரு வித்தியாசம் போதும் எனக்கு. இதே வழியில் கொஞ்சம் முன்னேறியது 14சி28என். சவர பிளேடு ஸ்டீலின் வம்சம். குரோமியம் 14, கூடவே நைட்ரஜன் 0.11 சதவீதம். துருவுக்கு இன்னும் நன்றாக நிற்கும். முதல் கத்தி கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. என்னிடம் 440சி என்று பொறித்த கத்திகள் இரண்டு இருந்தன, வேறு வேறு இடத்தில் செய்தவை. ஒன்று குறையே சொல்ல முடியாதது. மற்றது பச்சைக் கிளை வெட்டினாலே வாய் சுருண்டுகொள்ளும், தீட்டினால் பிசிர் ரப்பர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், விழவே விழாது. பொறித்த பெயர் உண்மை என்றால், துவைச்சலில், அதாவது காய்ச்சிக் குளிர்வித்து இறுக்குவதில், கோட்டை விட்டிருக்கிறார்கள். எந்த வெப்பத்துக்குக் காய்ச்சினார்கள், எவ்வளவு வேகமாகக் குளிர்வித்தார்கள், பிறகு எந்த வெப்பத்தில் மறுபடி சூடாக்கி இளக்கினார்கள் (விறைப்பைத் தளர்த்தினார்கள்) என்பதில் கூரும் இருக்கிறது, துருவும் இருக்கிறது. ஐந்நூறு டிகிரி செல்சியஸ் அளவில் இளக்கினால் கெட்டித்தன்மை நிற்கும், ஆனால் குரோமியம் மறுபடி கார்பைடாகப் பிரிந்து துரு தடுக்கும் சக்தி குறையும். இப்போதெல்லாம் ஸ்டீல் பெயரோடு, கெட்டித்தன்மையைச் சொல்லும் ராக்வெல் எண்ணையும் கேட்கிறேன். 12சி27 வகைக்கு 57, 58 என்றால் சரி. எண்ணே சொல்லத் தெரியாதவரிடம் வாங்குவதில்லை.

பராமரிப்பில் சொல்ல அதிகம் இல்லை. தோல் உறைக்குள் ஈரக் கத்தியை விட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் சேர்ந்துகொள்ளும். மணல் பீச்சி மங்கலாக்கிய பரப்பு பார்க்க அழகு, ஆனால் அதன் நுண்குழிகளில் ஈரம் தங்கும், மெருகேற்றியதே மேல். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். படகிலேயே பிழைப்பு என்றால் எல்சி200என் பாருங்கள். கார்பனில் பெரும்பகுதிக்குப் பதில் நைட்ரஜனைப் போட்டு இறுக்கிய ஸ்டீல். கூர் ரொம்ப நாள் நிற்காது.

இரண்டு வருடமாக மேக்னாகட் என்கிற ஸ்டீலில் செய்த கத்தி ஒன்றும் கூட வருகிறது. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021இல் வந்தது. குரோமியம் 10.7 சதவீதம்தான் என்று பார்த்ததும் டி2 ஞாபகம் வந்து தயங்கினேன். அதில் குரோமியம் கார்பைடே உருவாகாத மாதிரி கலவையைக் கணக்குப் போட்டிருக்கிறார். வனேடியமும் நயோபியமும் கார்பனைப் பிடித்துக்கொள்கின்றன, குரோமியம் முழுக்கக் காவலுக்கு நிற்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்க வேண்டுமென்றே துடைக்காமல் வைத்துப் பார்த்தேன். பிடியோடு சேரும் இடுக்கில் ஒரு பழுப்புக் கறை, பல் துலக்கும் பிரஷால் தேய்த்ததும் போய்விட்டது. பொக்கை இதுவரை இல்லை. தீட்ட வைரத் தகடு இருந்தால் வேலை சுலபம், இதற்கென்றே சின்னத் தகடு ஒன்றைப் பையில் போட்டிருக்கிறேன். இருந்தாலும் கட்டை பிளக்க எடுப்பது மோராவைத்தான். மேக்னாகட் மேல் சுத்தியலால் தட்ட மனசு வரவில்லை.

அந்த டி2வை வீசிவிடவில்லை. துருவை எடுத்து எண்ணெய் பூசி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அட்டைப் பெட்டி பிரிக்க எட்டு மாதமாக அதுதான், இன்னும் ஒருமுறைகூடத் தீட்டவில்லை.